இரண்டு வேகமான கோர்களா, நான்கு மெதுவான கோர்களா? கேம் பிராசஸரின் கணக்கு

2007 ஜூலையில் இன்டெல் விலைகளைக் குறைத்தபோது, இரண்டு பிராசஸர்கள் ஒரே விலையில் வந்து நின்றன. ஒன்று கோர் 2 டுவோ இ6850. இரண்டு கோர், 3.0 ஜிகாஹெர்ட்ஸ் வேகம். இன்னொன்று கோர் 2 குவாட் கியூ6600. நான்கு கோர், ஆனால் வேகம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான். மொத்தமாக வாங்குவோருக்கு இரண்டுமே 266 டாலர். அதே கியூ6600 ஜனவரியில் 851 டாலருக்கு அறிமுகமானது; ஆறே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

கேம் விளையாட கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைத்தவர்களுக்கு அன்று வந்த குழப்பம் இன்னும் தீரவில்லை. பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. பழைய லேப்டாப் விற்கும் கடையில் 'ஐ7' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உள்ளே இரண்டே கோர். ஆன்லைனில் மினி பிசி மலிவாகக் கிடைக்கும். 'குவாட் கோர்' என்று போட்டிருக்கும். புதிதாக வாங்குபவருக்கோ ஆறா எட்டா என்ற கேள்வி. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: ஒரு கேம் தன் வேலையில் எவ்வளவைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது என்பது. அந்த இ6850-ஐயும் கியூ6600-ஐயும் வைத்தே அதைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒரே கட்டமைப்பில் செய்தவை என்பதால் கணக்கு சுலபம்.

## முதலில் நான்கு சொற்கள்

1. கோர்: கட்டளைகளை எடுத்து, புரிந்துகொண்டு, செய்து முடிக்கும் அலகு. டூயல் கோர் என்றால் ஒரு பிராசஸருக்குள் அப்படி இரண்டு. குவாட் கோர் என்றால் நான்கு.

2. கிளாக் வேகம்: கோர் எந்தத் தாளத்தில் வேலை செய்கிறது என்ற அளவு. 3.0 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 300 கோடி துடிப்பு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடியும் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் பழைய 3.0-ஐயும் புதிய 3.0-ஐயும் ஒப்பிடக் கூடாது.

3. திரெட்: ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைகளின் ஒரு வரிசை. ஒரு கேமுக்குள் இப்படிப் பல வரிசைகள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கோர் ஒரு வரிசையைக் கவனிக்கும். ஹைப்பர் திரெடிங் வசதி இருந்தால் இரண்டைக் கவனிக்கும். அதன் தந்திரத்தைப் பின்னால் பார்க்கலாம்.

4. பிரேம்: திரையில் வரும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 16.7 மில்லி நொடிக்குள் தயார் செய்ய வேண்டும்.

## எண்ணிக்கை ஏன் ஏறியது

2004 வரை பிராசஸர் நிறுவனங்களின் போட்டி கிளாக் வேகத்தில்தான் நடந்தது. பென்டியம் 4 அந்த ஆண்டு 3.8 ஜிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அதற்கு மேல் போக முடியவில்லை. வேகத்தைக் கூட்டினால் மின்சாரச் செலவும் சூடும் தாறுமாறாக ஏறின. 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று அறிவித்திருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 2005 மே மாதத்தில் இன்டெல்லின் பென்டியம் டி, அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 இரண்டும் வந்தன. வீட்டுக் கம்ப்யூட்டரில் டூயல் கோர் காலம் அப்படித்தான் தொடங்கியது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கிளாக் வேகம் ஏறினால் பழைய கேமும் தானாகவே வேகமாக ஓடும். யாரும் ஒரு வரிகூடத் திருத்த வேண்டாம். கோர் கூடினால் அப்படி நடக்காது. கேமை எழுதுபவர் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக் கொடுத்தால்தான் பலன். வேகத்தை ஏற்ற முடியாத பொறியாளர்கள், தங்கள் தலைவலியைப் புரோகிராமர்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

## ஒரு பிரேமுக்குள் என்னென்ன வேலை

அந்த 16.7 மில்லி நொடிக்குள் பிராசஸர் செய்வது சுமாராக இது: கீபோர்டிலும் மவுஸிலும் என்ன அழுத்தினீர்கள் என்று பார்க்கும். விளையாட்டு விதிப்படி உலகத்தை ஒரு அடி முன்னே நகர்த்தும். எதிரிகள் எங்கே போக வேண்டும், வண்டி எப்படிப் புரள வேண்டும், கை கால் எப்படி அசைய வேண்டும் என்று கணக்கிடும். பிறகு, இதையெல்லாம் வரை என்று கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டளைகளை அனுப்பும். பக்கவாட்டில் ஒலி, இணையத் தொடர்பு, அடுத்த தெருவின் படங்களை டிஸ்க்கிலிருந்து எடுத்து வைப்பது ஆகியவையும் ஓடிக்கொண்டிருக்கும்.

இவற்றில் சில ஒன்றையொன்று நம்பி நிற்பவை. குண்டு பட்டதா இல்லையா என்று முடிவாகாமல் எதிரி விழுவதை வரைய முடியாது. சில தனித்தனியானவை. நூறு எதிரிகளின் அசைவை நான்கு கோர்கள் ஆளுக்கு 25 என்று பிரித்துக்கொள்ளலாம்.

கல்யாணச் சமையலில் பத்துப் பேர் உட்கார்ந்தால் காய் நறுக்கும் வேலை பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். ஆனால் பருப்பு வேக ஆகிற நேரம் ஆகத்தான் செய்யும். அடுப்பைச் சுற்றி எத்தனை பேர் நின்றாலும் அது குறையாது. கம்ப்யூட்டர் துறையில் இதை ஆம்டால் விதி என்பார்கள். ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்திலிருந்து வந்தது. பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் கடிவாளம்.

## கணக்கைப் போடுவோம்

3.0 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே ஒரு கோருக்கு ஒரு பிரேம் 20 மில்லி நொடி வேலை என்று வைத்துக்கொள்வோம்.

1. பாதி வேலையைத்தான் பிரிக்க முடிகிறது. இ6850-இல் பிரிக்க முடியாத 10, பிரித்த 10-இல் பாதி 5, ஆக 15 மில்லி நொடி. நொடிக்கு ஏறக்குறைய 67 பிரேம். கியூ6600-இல் 10-உம் 2.5-உம் சேர்ந்து 12.5. ஆனால் அது ஓடுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸில்; ஒவ்வொரு வேலைக்கும் 25 சதவீதம் கூடுதல் நேரம் எடுக்கும். 12.5 என்பது 15.6 ஆகிவிடும். 64 பிரேம். நான்கு கோர் தோற்கிறது.

2. முக்கால்வாசியைப் பிரிக்க முடிகிறது. இ6850-இல் 5-உம் 7.5-உம் சேர்ந்து 12.5 மில்லி நொடி, அதாவது 80 பிரேம். கியூ6600-இல் 5-உம் 3.75-உம் சேர்ந்து 8.75, வேகக் குறைவைச் சேர்த்தால் 10.9. 91 பிரேம். இப்போது நான்கு கோர் ஜெயிக்கிறது.

இரண்டும் சமமாகும் இடம் எது என்று பார்த்தால் 57 சதவீதத்தில் வந்து நிற்கிறது. அதற்குக் கீழே பிரிக்கும் கேம்களுக்கு டூயல் கோர், மேலே பிரிக்கும் கேம்களுக்கு குவாட் கோர். நிஜத்தில் மெமரி, கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரி) எல்லாம் குறுக்கே வரும், இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனாலும் விவாதம் முழுக்க இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான். எந்த பிராசஸர் உசத்தி என்ற கேள்விக்குப் பதில் பிராசஸருக்குள் இல்லை, கேமை எப்படி எழுதினார்கள் என்பதில் இருக்கிறது.

## 2007-இல் யார் சொன்னது சரி

அன்றைய கேம்களில் பெரும்பாலானவை ஒரு பெரிய திரெட்டும் ஓரிரண்டு சின்னத் திரெட்டுகளுமாக எழுதியவை. டூயல் கோர் போதும், கிளாக் வேகத்தைப் பார் என்று சொன்னவர்கள் அன்றைக்குச் சரி. 2008 ஜனவரியில் 183 டாலருக்கு வந்த கோர் 2 டுவோ இ8400, கேம் கம்ப்யூட்டர்களின் செல்லப் பிள்ளையானது அதனால்தான்.

ஆனால் காற்று திசை மாற ஆரம்பித்திருந்தது, அதுவும் கம்ப்யூட்டர் பக்கமிருந்து அல்ல. 2005 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் (டிவியில் இணைத்து விளையாடும் கருவி) மூன்று கோர், ஆறு திரெட். பெரிய கேம்களை கன்சோலுக்காக எழுதி, பிறகு கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவார்கள். கன்சோலில் மூன்று கோருக்குப் பிரித்த வேலை, கம்ப்யூட்டரில் இரண்டு கோருக்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தது. 2008 டிசம்பரில் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4 கம்ப்யூட்டருக்கு வந்தபோது, பரிந்துரைப் பட்டியலிலேயே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கோர் 2 குவாட் என்று போட்டிருந்தது.

சரி, அப்புறம் என்ன ஆனது? 2015 ஏப்ரலில் அதன் அடுத்த பாகம் கம்ப்யூட்டருக்கு வந்தது. குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் இன்டெல் பக்கம் இருந்த பெயர் கோர் 2 குவாட் கியூ6600. எட்டு ஆண்டுக்கு முன் 266 டாலருக்கு வந்த அதே பிராசஸர். அந்தப் பட்டியலில் டூயல் கோர் எதுவும் இல்லை.

கியூ6600-க்கு இன்னொரு துருப்புச் சீட்டும் இருந்தது. அதன் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்பது 266 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை (போர்டின் அடிப்படைத் தாளத்தை) 9-ஆல் பெருக்கி வருவது. மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் 266-ஐ 333 என்று மாற்றினால் 3.0 ஜிகாஹெர்ட்ஸ். நல்ல போர்டும் நல்ல கூலரும் இருந்தால் பெரும்பாலான சிப்புகள் முனகாமல் ஓடின. வேகத்தில் இ6850-க்கு இருந்த ஒரே அனுகூலமும் அதோடு போய்விட்டது. இதற்கு விலை இல்லையா என்றால் உண்டு: இ6850-க்கு 65 வாட் என்றால் கியூ6600-க்கு 95 அல்லது 105 வாட். இப்படி வேகத்தை ஏற்றினால், அதாவது ஓவர்கிளாக் செய்தால், இன்னும் ஏறும். மட்டமான எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போட்டவர்களுக்கு இந்த விளையாட்டு ஆபத்தாகவே இருந்தது.

## சராசரி பிரேம் எண்ணிக்கை எப்படி ஏமாற்றும்

விமர்சனங்களில் 'சராசரி 71 பிரேம்' என்று ஒரு எண்ணைப் போடுவார்கள். அதை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு.

நூறு பிரேம்களை எடுத்துக்கொள்வோம். 97 பிரேம் தலா 12 மில்லி நொடியில் வருகிறது, மூன்று மட்டும் தலா 80 மில்லி நொடி எடுக்கிறது. மொத்தம் 1404 மில்லி நொடி; சராசரி நொடிக்கு 71 பிரேம். இன்னொரு பிராசஸரில் நூறு பிரேமும் தலா 16 மில்லி நொடி, சராசரி 62.5. எண்ணைப் பார்த்தால் முதலாவதுதான் மேல். விளையாடிப் பார்த்தால் முதலாவது ஒன்றரை நொடிக்குள் மூன்று தடவை திக்குகிறது. குறி பார்த்துச் சுடும் நேரத்தில் 80 மில்லி நொடி படம் உறைந்தால், எதிரி அதற்குள் தூணுக்குப் பின்னால் போயிருப்பான்.

டூயல் கோரில் இந்தத் திக்கல் எங்கிருந்து வருகிறது? கேமின் முக்கியத் திரெட் ஒரு கோரை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். கிராபிக்ஸ் கட்டளை அனுப்பும் திரெட் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து அடுத்த தெருவின் படங்களை டிஸ்க்கிலிருந்து விரிக்க வேண்டும். ஆன்டிவைரஸ் எதையோ சோதிக்க எழுந்திருக்கும். பின்னால் பிரவுசரில் பத்து டேப், நண்பர்களோடு பேச ஒரு வாய்ஸ் சாட். காலியாகக் கோர் இல்லை என்பதால் முக்கியத் திரெட்டையே விண்டோஸ் சற்று ஓரம் கட்டும். அந்த ஒரு பிரேம்தான் 80 மில்லி நொடி. நான்கு கோர் இருந்தால் இந்த உதிரி வேலைகள் மற்ற இரண்டுக்குப் போய்விடும்.

அதனால் விமர்சனங்களில் 'ஒரு சதவீதக் கீழ்நிலை' என்று போடும் எண்ணைத் தேடிப் பாருங்கள். இருப்பதிலேயே மோசமான ஒரு சதவீதப் பிரேம்கள் எந்த வேகத்தில் வந்தன என்பதைச் சொல்வது அது. கோர் போதவில்லை என்றால் முதலில் அடிவாங்குவது அந்த எண்தான். சராசரி கடைசி வரை சிரித்துக்கொண்டே இருக்கும்.

## கேம் திறக்கவே மறுத்த கட்டம்

2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் எட்டு கோர். ஆனால் ஒவ்வொன்றும் பலவீனமான கோர். பிளேஸ்டேஷன் 4-இல் 1.6 ஜிகாஹெர்ட்ஸ். ஒரு கோரை நம்பி எழுதினால் கேம் நகராது, பிரித்தே ஆக வேண்டும். பல ஆண்டு பிரசங்கத்தால் ஆகாதது இந்த நெருக்கடியால் ஆனது.

2014-இல் இன்டெல் 72 டாலருக்கு பென்டியம் ஜி3258-ஐ விட்டது. இரண்டு கோர், ஹைப்பர் திரெடிங் இல்லை. ஓவர்கிளாக் செய்யத் தடையில்லை. குறைந்த பட்ஜெட்காரர்கள் கொண்டாடினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஃபார் க்ரை 4 வந்தது. ஜி3258-இல் கேமைத் திறந்தால் கறுப்புத் திரை, அதோடு சரி. குறைந்தது நான்கு திரெட்டாவது இருக்கும் என்று நம்பி எழுதிய கேம் அது. இரண்டு கோரே ஆனாலும் நான்கு திரெட் காட்டும் ஐ3-இல் திறந்தது.

கவுன்டர் ஸ்டிரைக்கின் இரண்டு பதிப்புகளை அடுத்தடுத்து வைத்தால் நகர்வு துல்லியமாகத் தெரியும். 2012-இல் வந்ததற்குக் குறைந்தபட்சத் தேவை கோர் 2 டுவோ இ6600. 2023-இல் வந்ததற்கு 'நான்கு ஹார்டுவேர் திரெட்' என்றே எழுதியிருக்கிறார்கள்.

## பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

1. திரெட் வேறு, கோர் வேறு. ஹைப்பர் திரெடிங் என்பது ஒரு கோர் ஒரு வேலையில் மெமரிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு வேலையைப் பார்க்க வைக்கும் ஏற்பாடு. காத்திருப்பு வீணாகாது, அவ்வளவுதான். 2017 ஜனவரியில் வந்த பென்டியம் ஜி4560 இரண்டு கோர், நான்கு திரெட். அந்த விலைக்கு அருமை; ஆனால் நான்கு கோருக்கு ஈடாகாது.

2. ஐ7 என்பது தரவரிசைப் பெயர், கோர் எண்ணிக்கை அல்ல. ஏழாம் தலைமுறை ஐ7-7500யூ லேப்டாப் பிராசஸரில் இரண்டே கோர். எட்டாம் தலைமுறையில் ஐ5-8250யூவிலேயே நான்கு. ஆக, புதிய ஐ5-இல் பழைய ஐ7-ஐவிட இரண்டு மடங்கு கோர். பழைய லேப்டாப் வாங்கும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு மேல் கிளிக் செய்தால் கோர் எத்தனை, லாஜிக்கல் பிராசஸர் (அதாவது திரெட்) எத்தனை என்று கீழே தனித்தனியாகக் காட்டும். பத்து நொடி வேலை.

3. எல்லா நான்கு கோரும் ஒன்றல்ல. இன்டெல் என்100-இலும் நான்கு கோர், ஐ3-12100-இலும் நான்கு கோர். முதலாவது 6 வாட் மினி பிசிக்காகச் செய்தது. எட்டுத் திரெட்டும் 60 வாட்டுமாக இருக்கும் இரண்டாவதன் கிட்டே அது நெருங்க முடியாது.

எதைக் கோர் என்று கணக்கிடுவது என்பதே ஒரு தடவை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஏஎம்டியின் எஃப்எக்ஸ் வரிசையில் இரண்டு கோர் சேர்ந்து தசமக் கணக்குகளுக்கான பகுதியைப் பகிர்ந்துகொண்டன. எட்டு கோர் என்று விற்றது சரியா என்று அமெரிக்காவில் வழக்கு நடந்தது. 2019-இல் 1.21 கோடி டாலருக்குச் சமரசமானது.

## இப்போது வாங்கினால்

இரண்டு கோர் பிராசஸரைக் கேமுக்காக வாங்க எந்தக் காரணமும் இல்லை. பழைய கேம்கள் மட்டும்தான் விளையாடப் போகிறேன் என்றால், ஏற்கெனவே கையில் இருப்பது போதும்.

நான்கு கோர், நான்கு திரெட் இருக்கும் பழைய ஐ5-களும் இப்போது கரை ஒதுங்கிவிட்டன. 2016-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 1-க்கே குறைந்தபட்சமாக ஐ5-6600கே கேட்டார்கள். சைபர்பங்க் 2077-இன் தேவைப் பட்டியலை 2023-இல் திருத்தியபோது குறைந்தபட்சம் ஐ7-6700 ஆனது. நான்கு கோர், எட்டுத் திரெட். இன்றைய அடிமட்டம் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வகையில் ஐ3-12100எஃப் போன்றது நியாயமான தொடக்கம். போர்டில் பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட் 12, 13, 14 மூன்று தலைமுறைக்கும் பொது என்பதால் பின்னால் பெரியதாக மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் நீட்ட முடிந்தால் ஏஎம்டியின் ரைசன் 5 5600 போல ஆறு கோர் எடுப்பது மேல்.

அதற்கு மேல் எட்டா, பன்னிரண்டா, பதினாறா என்ற பேச்சு பெரும்பாலும் கேமுக்குச் சம்பந்தமில்லாதது. 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி எட்டு கோர்தான். அதன் கிளாக் வேகம் 5800எக்ஸைவிடக் குறைவு. கேஷ் மெமரியை மட்டும் 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆக்கினார்கள். பல கேம்களில் பதினாறு கோர் 5950எக்ஸை அது முந்தியது.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. கேமின் ரெசல்யூஷனை (படத்தில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையை) குறைத்து விளையாடிப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை துள்ளி ஏறினால் மூச்சு வாங்குவது கிராபிக்ஸ் கார்டு. பிராசஸருக்குச் செலவழித்துப் பயனில்லை. அப்படியே நின்றால் பிராசஸர்தான் முட்டுக்கட்டை.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கேமுக்கு மாற்றுகிறவர்களுக்கு மலிவான வழி ஒன்று உண்டு. நான்காம் தலைமுறை ஐ3 இருக்கும் போர்டில் அதே சாக்கெட்டில் ஐ7-4770 உட்காரும். போர்டு நிறுவனத்தின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா, பயாஸ் அப்டேட் வேண்டுமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டால் இரண்டு கோர் நான்காகிவிடும். ஆனால் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்தப் பழைய போர்டுக்கு இனி ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இதையும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.